தாதியருக்குக் கற்பிப்போர் எங்கே கற்பது?

சூடடிப்புக்கு நின்ற ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உழவு இயந்திரத்திலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றிக்கொண்டு ஈச்சிலம்பற்று வைத்தியசாலைக்கோ மூதூர் ஆதார வைத்தியசாலைக்கோ ஓடுகிறோம். டொக்டர் வந்து பார்க்கிறார், மருந்தை எழுதுகிறார், அடுத்த நோயாளியிடம் போகிறார். அதன்பின் விடியும்வரை அந்த மனிதரின் உயிருக்குக் காவலிருப்பவர் யார்? நாம் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுகின்ற தாதிதான். மூச்சு எப்படிப் போகிறது, கண்ணிமை சரிகிறதா, முரசில் இரத்தம் கசிகிறதா, சிறுநீர் எவ்வளவு போனது, சேலைனோடு மருந்து ஏறும்போது உடம்பு தடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவரே. அவர் கவனிக்கத் தவறினால் அந்த நேரத்தில் கவனிக்க வேறு ஆள் இல்லை.

இவற்றையெல்லாம் பார்க்க அந்தத் தாதிக்குக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருக்கிறார். அவரை நாம் ஒருபோதும் காண்பதில்லை. அவர்தான் தாதியர் பயிற்சிப் பாடசாலையின் போதனாசிரியர். இம்முறை நமது பாடம் அவரைப் பற்றியது. கற்பிக்கின்ற அவர் தாமே எவற்றைக் கற்கவேண்டியிருக்கிறது? அதற்கு வழியும் நேரமும் அவருக்கு இருக்கின்றனவா?

“காணி கேட்டும் வாய்க்கால் கேட்டும் களைத்துப்போன எங்களுக்கு இது என்ன பாடம்?” என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2006இல் மாவிலாற்றுச் சண்டையோடு சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் புறப்பட்டுக் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கும், 1984இல் தென்னமரவடியை விட்டு ஓடியவர்களுக்கும், வைத்தியசாலை என்பது தூரத்துக் கட்டடம் அல்ல. இடம்பெயர்ந்தவர்களுக்குத் தனியார் மருத்துவமனை கிடையாது. கொழும்புக்குப் போகக் காசு கிடையாது. அரசாங்க வாட்டில் என்ன கிடைக்கிறதோ அதுதான். ஆகவே, அந்த வாட்டில் நிற்கும் பிள்ளைக்கு யார், எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பது நமது விஷயமே.

விவசாயப் போதனாசிரியரை நினைத்துப் பாருங்கள்

எண்பதுகளில் கமம் செய்த பெரியவர்களுக்குக் ‘கே.வி.எஸ்.’ என்ற உத்தியோகத்தரை ஞாபகம் இருக்கும். அக்காலத்தில் உலக வங்கியின் ஆதரவோடு ‘பயிற்சியும் தரிசிப்பும்’ என்றொரு முறை நடைமுறையில் இருந்தது. டானியல் பெனோர் என்பவர் வகுத்த முறை அது. அதன் சாரம் மிக எளிது. குறித்த நாளில் குறித்த கமக்காரரைப் போய்ப் பார்க்கவேண்டிய உத்தியோகத்தர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாமும் பயிற்சிக்குப் போயாக வேண்டும். அந்த முறையில் குறைகள் பல இருந்தன. மேலிருந்து வந்த செய்தி மானாவாரி நிலத்துக்குப் பல வேளைகளில் பொருந்தவில்லை; செலவும் கூட. 1989இல் கே.வி.எஸ். மாரைக் கிராம சேவகர்களாக மாற்றியதோடு வயலுக்கு வருவார் குறைந்தும் போனார்கள். ஆனாலும், சொல்லிக்கொடுக்கப் போகிறவர் ஓயாமல் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அந்த முறை ஏற்றுக்கொண்டிருந்தது.

எச்.4 நெல்லை மட்டுமே அறிந்த ஒருவர் இன்று உங்களுடைய பி.ஜி. 352 வயலில் வந்து நின்று உர அளவு சொன்னால் கேட்பீர்களா? மாட்டீர்கள். மருத்துவமோ நெல்லினங்களைவிட வேகமாக மாறுகிறது. தாதியர் போதனாசிரியருக்கு அந்த இரண்டு வாரப் பயிற்சி போன்ற ஒன்று நம் நாட்டில் ஒழுங்காக வாய்க்கவில்லை. எப்போதாவது ஒரு கருத்தரங்கு, வெளிநாட்டு உதவியோடு ஒரு செயலமர்வு, ஒரு சான்றிதழ் என்ற அளவில் பலருக்கு முடிந்துவிடுகிறது.

போதனாசிரியர் எப்படி உருவாகிறார்?

அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்று வருடம். நம் பகுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ, பிற்காலத்தில் வவுனியாவுக்கோ போய்ப் படித்தார்கள். அங்கே கற்பிக்கும் போதனாசிரியர் வெளியிலிருந்து வருபவர் அல்லர். வாட்டில் வேலை செய்த தாதியரிலிருந்தே அவரைத் தெரிந்தெடுத்து, கொழும்பில் மேற்பயிற்சி கொடுத்து அனுப்புவது வழக்கம். நல்ல ஏற்பாடுதான். வேலை தெரிந்தவர்தானே வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? ஆனால் இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது.

அமெரிக்காவின் தாதியியல் அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தாதி ஐந்து படிகளில் வளர்கிறார் என்பது அவருடைய கருத்து. முதற்படியில் நிற்பவர் புதியவர். விதியைப் பார்த்தே எதையும் செய்வார். ஐந்தாம் படியில் நிற்பவர் வல்லுநர். நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். நம் ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வருடம் கமம் செய்த பெரியவர் வரம்பில் நின்றபடியே, “யூரியா காணும், இனிப் போடாதே” என்கிறார். “எப்படித் தெரியும் அப்பு?” என்று பேரன் கேட்டால், “பார்த்தாத் தெரியாதா?” என்கிறார். அவர் மிகச் சிறந்த கமக்காரர். பேரனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

வல்லுநராகிய தாதியை வகுப்பறைக்கு மாற்றும்போதும் இதுதான் நடக்கிறது. வாட்டில் ஐந்தாம் படியில் நின்றவர், கற்பித்தல் என்ற தொழிலில் அன்றைக்கு முதற்படியில் நிற்கிறார். தனக்குக் கண்ணால் தெரிவதைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவது எப்படி, கை நடுங்கும் பிள்ளையை ஏசாமல் பழக்குவது எப்படி, பரீட்சையில் எழுதத் தெரிந்தவளுக்கு உண்மையில் செய்யவும் தெரியுமா என்று அளப்பது எப்படி என்பவை தனிக் கலைகள். ஒருமுறை கொழும்பில் பயின்றதோடு அவை முடிந்துவிடுவதில்லை. சொல்லிக்கொடுக்கும் வழி தெரியாதபோது ஆசிரியர்கள் எல்லோரும் போய் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது ‘நோட்ஸ்’. வாசிக்க, பிள்ளைகள் எழுத, பரீட்சை வர, எல்லாம் முடிந்தது.

பத்து வருடம் கழித்து நிலைமை தலைகீழாகிறது. இப்போது அவருக்குக் கற்பிக்க வந்துவிட்டது. ஆனால் வாட்டை விட்டு வந்து பத்து வருடமாயிற்று. அவர் விட்டு வந்தபோது இல்லாத இயந்திரங்கள் இப்போது அங்கே நிற்கின்றன. அன்று சரியென்று செய்த சில காரியங்கள் இன்று தவறென்று தெரியவந்துள்ளன. நான் குருமடத்தில் படித்த காலத்தில், மஞ்சள் பூத்த கொப்பியைப் பார்த்து வருடாவருடம் அதே பாடத்தை அதே பகிடியோடு சொன்ன விரிவுரையாளர்கள் இருந்தார்கள். மெய்யியலில் அதனால் பெரிய சேதம் இல்லை. அரிஸ்டோட்டில் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. வாட்டில் அப்படியல்ல.

ஒரு கண்ணாடிக் குழாய்

இதை விளக்க, கமக்காரர் எல்லோருக்கும் தெரிந்த பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி விரியன், அதாவது நம் பக்கத்தில் புடையன் என்று சொல்லும் பாம்பு, கடித்தால் அதன் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். கடித்தது எது என்று பல வேளைகளில் தெரியாது. இருட்டில் மிதித்திருப்பார், பாம்பு போய்விட்டிருக்கும். விஷமுறிவு மருந்து ஏற்றுவதா இல்லையா என்று தீர்மானிக்க, உலகெங்கும் கிராமப்புற வைத்தியசாலைகளில் ஒரு எளிய சோதனை செய்கிறார்கள். நோயாளியின் நரம்பிலிருந்து இரண்டு மில்லிலீற்றர் அளவு இரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பது. பின் ஒரே ஒருமுறை சரித்துப் பார்ப்பது. இரத்தம் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது.

இதற்கு மின்சாரமும் தேவையில்லை, விலை உயர்ந்த கருவியும் தேவையில்லை. ஆனால் நுணுக்கம் இருக்கிறது. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் கிடந்து ஏமாற்றலாம். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் அப்படியே. இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம். பத்தாவது நிமிடம் ஆவலில் தூக்கி ஆட்டிப் பார்த்தால் சோதனை கெட்டுவிடும்.

இலங்கையில் இந்தச் சோதனையை ஆராய்ந்தார்கள். 2013இல் வெளியான ஆய்வின்படி, வைத்தியசாலையில் வழக்கம்போல் செய்தபோது, இரத்தம் உறையும் தன்மையை இழந்திருந்த நூறு பேரில் ஏறத்தாழ நாற்பது பேரையே இது காட்டிக்கொடுத்தது. மற்றவர்களைத் தவறவிட்டது. அப்படியானால் சோதனையே பயனற்றதா? 2017இல் வந்த மற்றோர் ஆய்வில், பழக்கப்பட்டவர்கள் முறைப்படி செய்தபோது நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோரை அதே சோதனை சரியாகக் கண்டுபிடித்தது. குழாயும் அதே, பாம்பும் அதே. செய்தவரின் கைப்பழக்கத்தில்தான் வேறுபாடு. அந்தப் பழக்கத்தைக் கொடுக்க வேண்டியவர் போதனாசிரியர். அவருக்கே அதைச் செய்து காட்டிப் பழக்கம் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் நாம் பயன்படுத்திவந்த விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. உயிர் காக்கும் மருந்து. ஆயினும் பலருக்கு அது ஏறும்போது உடம்பு தடித்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதைத் தடுப்பதற்கென்று முன்கூட்டியே ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் ஆகிய ஊசிகளைப் போடுவது நெடுங்கால வழக்கம். தொண்ணூறுகளில் படித்தவர்களின் கொப்பியில் அப்படித்தான் இருக்கும். 2011இல் இலங்கை வைத்தியர்கள் மூன்று வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளியானது. அந்த இரண்டு ஊசிகளும் எதிர்பார்த்த பாதுகாப்பைத் தரவில்லை. மாறாக, கால் மில்லிலீற்றர் அட்ரினலினை விஷமுறிவு மருந்துக்குச் சற்று முன் தோலின் கீழ் ஏற்றியபோது, முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான விளைவுகள் 43 சதவீதம் குறைந்தன.

மருந்தை எழுதுபவர் டொக்டர் என்பது உண்மை. அளந்து ஏற்றுபவர் தாதி. கால் மில்லிலீற்றர் என்பது எவ்வளவு சிறியது என்று கை அறிந்திருக்க வேண்டும். ஏன் அவ்வளவுதான் என்று மனம் அறிந்திருக்க வேண்டும். இந்த ஆய்வு கமக்காரர்களின் உடம்பில், நம் நாட்டிலேயே நடந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில், மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. நம் பக்கத்து வகுப்பறைக்கு அது எத்தனை வருடத்தில் வந்து சேரும் என்பது, அங்கே நிற்கும் போதனாசிரியருக்கு வாசிக்க நேரமும் வழியும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

பூச்சிமருந்து உள்ளே போனவர்களுக்குக் குழாய் விட்டு வயிறு கழுவுவதும் இப்படியே. கட்டாயப்படுத்திச் செய்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை இலங்கை வைத்தியசாலைகளில் நேரில் கண்டவர்கள் எழுதிய பின்னரே அந்த வழக்கம் கேள்விக்குள்ளானது. சிறுநீரக நோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதவியாப் பக்கத்தில் தொண்ணூறுகளில் கவனத்துக்கு வந்த, காரணம் சரியாக அறியப்படாத அந்த நோய் நம் மாவட்டத்தில் பதவி சிறிபுரவையும் தொட்டுவிட்டது. இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்கப் பழகிய தாதி இன்று தேவை. முப்பது வருடத்துக்கு முன் பயின்ற போதனாசிரியர் அந்த இயந்திரத்தைத் தொட்டிருப்பாரா?

போர் அறுத்த வழி

வடக்குக் கிழக்கின் போதனாசிரியர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1990இல் ஏ-9 பாதை மூடப்பட்டது. 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இல்தான் நிலையாகத் திறந்தது. 1996க்குப் பின் யாழ்ப்பாணத்தவருக்கு நமது திருகோணமலைத் துறைமுகமே வெளியுலகின் வாசலாயிற்று. அனுமதிப்பத்திரம் எடுத்து, நாட்கணக்கில் காத்திருந்து, கப்பலேறி வந்து, பிறகு கொழும்புக்குப் போக வேண்டும். ஒரு மூன்று நாள் கருத்தரங்குக்காக யார் இதைச் செய்வார்? கிழக்கில் கப்பல் வேண்டியிருக்கவில்லை. சோதனைச் சாவடிகள் இருந்தன. தெற்கிலிருந்த சக ஆசிரியர் வருடத்துக்கொரு புதுப் பாடம் கற்றபோது, இங்கே இருந்தவர் உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றினார். அதற்காக அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. வயலை விட்டு ஓடியவனின் வரம்பு உடைந்துபோவது அவன் குற்றமா?

அந்த இருண்ட காலத்திலும் ஒரு கதவு திறந்தது. 1994இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, வேலையிலிருக்கும் தாதியருக்குத் தொலைக்கல்வி மூலம் தாதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வேலையை விடாமல், வீட்டை விடாமல் படிக்கலாம் என்பது பெரிய காரியம். தாதியர் பெரும்பாலும் தாய்மார் என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகமும் தாதியியல் பட்டம் தரத் தொடங்கின. ஆகவே இன்று புதிதாக வரும் மாணவியின் அக்கா பட்டதாரியாக இருக்கலாம், அவளுடைய போதனாசிரியர் டிப்ளோமாவோடு நிற்கலாம். இந்தச் சங்கடத்தையும் கவனிக்க வேண்டும். வயதான ஆசிரியரின் அனுபவத்தைத் தள்ளிவிட்டுப் பட்டத்தை மட்டும் தூக்கிப்பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த அனுபவத்தின்மேல் புதிய அறிவு ஏற வழி செய்யாமல் விடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

2009 பெப்ரவரியில், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில், புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைக் கப்பலில் கொண்டுவரத் தொடங்கினார்கள். முதலில் திருகோணமலைக்கு, பின்னர் இந்திய மருத்துவக் குழு முகாமிட்டிருந்த புல்மோட்டைக்கு. மே மாதம்வரை காயப்பட்டோர், நோயாளர், உடன் வந்தோர் என்று ஏறத்தாழ 14,000 பேர் இப்படிக் கடல்வழி வந்தார்கள். இதை வாசிப்பவர்களில் அந்தக் கப்பலில் வந்தவர்களும் இருக்கக்கூடும். அவர்களைக் கைதாங்கி இறக்கிப் புண் கழுவியவர்கள் தாதியர்தான். நாட்கணக்கான செல் காயம், அவயவம் இழந்த பிள்ளை, பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்திருக்கும் தாய் என்று வகுப்பறையில் ஒரு பக்கமாக எழுதிப் படித்ததை, வரிசையாகக் கிடந்த மனிதர்களில் பார்த்தார்கள்.

அவர்கள் அன்று கற்றது அவர்களோடு ஓய்வு பெற்றுப் போய்விடக்கூடாது. அதைக் கேட்டு, எழுதி, பாடமாக்கி, வகுப்பறைக்குக் கொண்டுவரும் திறமை போதனாசிரியருக்கு வேண்டும். அதைத்தான் ஆராய்ச்சி என்கிறோம். வெள்ளை அங்கியும் நுணுக்குக்காட்டியும் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நம் மக்களின் மனத்தில் செய்த காயத்தைப் போரின் நடுவிலேயே இருந்து பதிவு செய்து 1998இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். தாதியர் தரப்பிலிருந்தும் அப்படி எழுத்துகள் வர வேண்டும். நித்திரை வராத, காரணமில்லாமல் நெஞ்சு வலிக்கின்ற நோயாளியை ‘நடிக்கிறார்’ என்று தள்ளிவிடாத தாதி, அப்படித் தள்ளாத ஆசிரியரிடமிருந்துதான் வருவார்.

மொழி

நல்ல தாதியியல் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாடசாலைக்கு வருகிற பிள்ளையோ மூதூரிலும் வெருகலிலும் தமிழில் படித்தவள். இடையில் நிற்கும் போதனாசிரியர் இரண்டு கரைக்கும் தோணி விட வேண்டும். தனக்கே ஆங்கிலம் தட்டுத்தடுமாறினால் தோணி நடுவில் நின்றுவிடும். ஆகவே அவருக்கு வேண்டிய பயிற்சிகளில் ஆங்கில வாசிப்பை நான் முன்னால் வைப்பேன். பேச்சு ஆங்கிலம் பிறகு வரட்டும். வாசித்து விளங்கும் ஆங்கிலம் முதலில்.

தமிழால் முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். முதலில் ஆங்கிலத்திலும், 1860களிலிருந்து தமிழிலும் கற்பித்தார். 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’ என்று தமிழில் நூல்களையும் வெளியிட்டார். பிறநாட்டவர் ஒருவர் தமிழைக் கற்று, சொற்களை ஆக்கி, மாணவரையும் ஆக்கினார். கற்பிப்பவருக்குத் தன் மாணவரின் மொழியில் பாடத்தை உருவாக்கத் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. திருகோணமலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாட்டில் அருகருகே படுத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்த சிங்களத் தாதிக்கு, “மூச்சு அடைக்குது பிள்ளை” என்று மூதூர்க் கிழவி சொல்வது விளங்க வேண்டும். சேருவிலயிலிருந்து வந்த சிங்களக் கமக்காரர் சொல்வது நம் பிள்ளைக்கு விளங்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டம் நோயாளியின் கட்டிலருகே வந்து நின்று மொழிபெயர்ப்பதில்லை. பயிற்சிப் பாடசாலையிலேயே இது தொடங்க வேண்டும், அதற்கு இரு மொழியிலும் கற்பிக்கத் தயாரான போதனாசிரியர்கள் வேண்டும்.

என்ன செய்தால் நல்லது?

உலக சுகாதார நிறுவனம் 2016இல், தாதியர் போதனாசிரியருக்கு இருக்க வேண்டிய திறமைகளை எட்டுப் பிரிவுகளாக வகுத்தது. வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்ற அறிவு, பாடத்திட்டம் அமைத்தல், ஆராய்ச்சி, நெறிமுறை, தலைமைத்துவம் என்று அது போகிறது. தாதிய வேலையில் தேர்ச்சி குன்றாதிருத்தலும் அவற்றில் ஒன்று. பட்டியல் நல்லதுதான். பட்டியலால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை.

எனது மனத்துக்குப் பிடித்த வழி வேலூரில் இருக்கிறது. அங்கே ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தாதியர் பாடசாலை தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. அங்கு தாதியருக்குக் கற்பிப்பவர்கள் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. வைத்தியசாலையிலும் பொறுப்பு வகிக்கிறார்கள். காலையில் சொன்னதை மாலையில் தாமே செய்து காட்ட வேண்டியவர் பழைய கொப்பியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். இங்கே முழுவதும் அப்படி முடியாவிட்டாலும், வருடத்தில் சில வாரங்களாவது ஒவ்வொரு போதனாசிரியரும் வாட்டில் சீருடையோடு நின்று வேலை செய்யலாம். அதுவும் பெரிய போதனா வைத்தியசாலையில் மட்டுமல்ல, ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும். வசதி குறைந்த இடத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதை அங்கேதான் கற்கலாம்.

ஓய்வு பெற்ற போதனாசிரியை ஒருவர் என்னிடம் சொன்னது இது: “பாதர், படிக்க மனமில்லாமல் இல்லை. நான் ஒரு கிழமை கோர்ஸுக்குப் போனால் என்ர வகுப்பை யார் எடுக்கிறது? பிறகு ஞாயிற்றுக்கிழமையும் வந்து எடுக்கவேணும்.” இதில்தான் முடிச்சு இருக்கிறது. ஆள் பற்றாக்குறை தீராமல் பயிற்சித் திட்டம் போடுவது, வாய்க்காலில் தண்ணீர் விடாமல் நாற்று நடச் சொல்வது போன்றது. பதிலாள், பிரயாணச் செலவு, இணைய வசதியுள்ள ஒரு சிறு நூலகம் ஆகிய மூன்றும் இருந்தால் பாதி காரியம் நடந்துவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அனுபவமுள்ள தாதியர் வெளிநாடு போனதையும் பார்த்தோம். உலகத்தில் 2023இல் 58 இலட்சம் தாதியர் பற்றாக்குறை இருந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களை எல்லா நாடும் இழுக்கத்தான் செய்யும். போனவர்களின் இடத்துக்கு ஆள் ஆக்கவேண்டியவரும் இதே போதனாசிரியர்தான்.

நமது பங்கு

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் கிராமத்தவர்களும் இருக்கிறார்கள். அங்கே நாம் வழக்கமாகக் கேட்பவை தண்ணீர்த் தாங்கி, மதில், அம்புலன்ஸ். இனி ஒரு கேள்வியைக் கூட்டுங்கள்: “எங்கள் தாதியருக்கும் அவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கும் கடந்த வருடம் என்ன பயிற்சி கிடைத்தது?” பதில் எழுத்தில் வரட்டும்.

பயிற்சித் தாதியர் கிராமத்துக்கு வந்தால் வாசலில் நிறுத்தி அனுப்பாதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள், அவர்களோடு ஆசிரியரும் வந்திருந்தால் அவரோடு கூடுதலாகப் பேசுங்கள். முகாமில் பிள்ளை பெற்ற கதை, கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன் நோயாளியை ஏற்றிக்கொண்டு லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்த கதை, பாம்பு கடித்தவரைப் பார்வை பார்க்கக் கொண்டுபோய் நேரம் போக்கிய கதை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவை எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடங்கள், வகுப்பறைக்குப் போகவேண்டியவை.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் மகளை, பக்கத்துப் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை என்பதற்காகக் கலைப்பிரிவில் சேர்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். கோட்டக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். நாளைய போதனாசிரியர் சம்பூரிலிருந்தோ தென்னமரவடியிலிருந்தோ வந்தால், மேலே சொன்ன கதைகளை அவருக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்காது.

சங்கக் கூட்டத்தில் இந்தப் பாடத்தை எடுக்கும்போது, கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் ஊரில் பாம்பு கடித்து வைத்தியசாலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அங்கே என்னென்ன செய்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து வைத்ததைக் கண்டவர்கள் இருந்தால், அதை எத்தனை நிமிடம் வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தத் தாளைப் பெரும்போக அறுவடை தொடங்குமுன் வைத்தியசாலைக் குழுவிடம் கொடுத்துவிடலாம்.